டேங்க் மூடியை முதலில் திறந்தவன் நான்

புனேயில், கேம்ப் பகுதியில், பழைய டயர் அடுக்கி வைத்திருந்த ஒரு தகரக் கொட்டகையைச் செயின்சா பட்டறையாக ஆக்கியவன் நான். மரம் அறுக்கும் அந்தச் சங்கிலி ரம்பத்தின் சத்தம் கேட்டால் புனேக்காரர்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கிய காலத்தில், அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துச் சாக்கில் பரப்பி, ஒரு திருகு மிஞ்சாமல் திரும்பப் பூட்டியவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். கோவில்பட்டியிலிருந்து வந்து இறங்கியபோது மராத்தியில் ‘நாஹி’, அதாவது ‘இல்லை’, என்ற ஒரே சொல்தான் தெரியும். போன இடத்திலெல்லாம் எனக்கு அதைத்தானே சொன்னார்கள். அத்தனை ‘நாஹி’க்கும் நடுவில் வேலை கற்றேன். வட்கான்ஷேரியில் வீடு கட்டினேன். இரண்டு பெண்களையும் பட்டம் வாங்க வைத்தேன். என்னிடம் ஸ்பேனர் பிடித்தவர்கள் இன்று நாசிக்கிலும் கோலாப்பூரிலும் சொந்தக் கடை வைத்திருக்கிறார்கள். எனக்குச் சிபாரிசு செய்ய மாமன் மச்சான் எவனும் இருந்ததில்லை.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், நம் தமிழ்ச் சங்கத்து மலர்க்குழுவினர் வந்து, “அண்ணாச்சி, வேலை பார்த்த காலத்துல நடந்த இனிமையான அனுபவம் ஏதாவது எழுதிக் கொடுங்க” என்று கேட்டார்கள். இனிமையானது வேண்டுமாம். போன மாதம்வரை கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். இப்போது என் வயிற்றில் எரிகிறதைத்தான் எழுத முடியும். மகள் எழுத்துப்பிழையை மட்டும் திருத்துவாள். கோபத்தைத் திருத்தக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

போன மாதம் சிஞ்ச்வட்டில், செயின்சா விற்கும் எங்கள் ஏஜென்சி ஒரு பெரிய சர்வீஸ் கூடம் திறந்தது. பழைய ஆட்களுக்கெல்லாம் அழைப்பு வந்தது. நானும் என் வீட்டுக்காரியும் போனோம். உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவரில், கண்ணாடிச் சட்டம் போட்டு, ஆள் உயரத்துக்கு ஒரு பலகை. செயின்சா ஸ்டார்ட் ஆகாவிட்டால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று வரிசையாக எழுதியிருந்தது. முதல் வரி: ‘டேங்க் மூடியைத் திற. காது கொடு.’ அந்த வரி எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். அதற்கு மேலே தங்க நிறத்தில் தலைப்பு: ‘கானிட்கர் முறை’.

கானிட்கர் சாஹேப் யார் என்று சொல்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்த ஏஜென்சியை ஆரம்பித்தவர். முதலாளியும் அவர்தான், சர்வீஸ் தலைவரும் அவர்தான். நான் அப்போது ஒரு ஸ்கூட்டர் கடையில் ப்ளக் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். தன் வண்டியை விட வந்தவர், என் கை போகிற வேகத்தைப் பார்த்து அழைத்துக்கொண்டு போனார். அந்தக் கண் அவருக்கு இருந்தது. செத்துப்போன மனிதர், இல்லாததைச் சொல்ல மாட்டேன், இருந்ததை மறைக்கவும் மாட்டேன்.

வெள்ளை அரைக்கைச் சட்டை, அதில் ஒரு நாளும் கிரீஸ் படாது. பிரஷ்ஷால் துடைக்காத மிஷினை மேஜைமேல் ஏற்ற விடமாட்டார். “அழுக்கோட டாக்டர்கிட்ட போவியா?” என்பார். குரலை உயர்த்த மாட்டார். திட்டுவதானால் நம்மைப் பார்க்காமல் மிஷினைப் பார்த்துத் திட்டுவார். “பாவம், உன்னை எந்தக் கழுதை பூட்டினான்?” என்று கார்புரேட்டரிடம் கேட்பார். அந்தக் கழுதை பக்கத்தில் நின்றுகொண்டிருப்பான். (அவர் பேசியது மராத்தி, மற்றவர்கள் மராத்தியும் இந்தியும் கலந்து. எல்லாவற்றையும் நம் பேச்சில் தருகிறேன்.)

ஸ்டார்ட் ஆகாத மிஷின் வந்தால் உடனே ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிடித்து இழுக்க விடமாட்டார். கிணற்றில் நீர் இறைப்பதுபோல் இழுத்துக்கொண்டே இருப்பவன் மெக்கானிக் இல்லை என்பார். முதலில் சுவிட்ச். பாதி மிஷின்கள் சுவிட்ச் அணைந்துதான் வரும். பிறகு ப்ளக்கைக் கழற்றி, கண்ணை மூடி மோந்து பார்ப்பார். நனைந்திருந்தால் சோக்கை அளவுக்கு மீறி இழுத்துப் பெட்ரோலில் மூழ்கடித்திருக்கிறார்கள். ப்ளக் இல்லாமலே கயிற்றை இழுத்து உள்ளே தேங்கியதை வெளியேற்ற வேண்டும். காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. டேங்குக்குள் கிடக்கும் ஃபில்டரையும் குழாயையும் பார்க்க வேண்டும். அடுத்து, ப்ளக்கைச் சிலிண்டரில் ஒட்டவைத்து நிழலில் இழுத்துப் பார்க்க வேண்டும். பொறி நீலமாகப் பாய்ந்தால் மின்சாரம் சரி. கடைசியாகக் கயிற்றின் கைப்பிடியை மட்டும் பிடித்து மிஷினைத் தொங்கவிடுவார். தயங்கித் தயங்கி இறங்கினால் பிஸ்டன் நலம். அறுந்த வாளி மாதிரி விழுந்தால் காலி. இதையெல்லாம் அவரிடம்தான் கற்றேன். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த முதல் வரியை அவர் எனக்குக் கற்றுத்தரவில்லை.

சாஹேபுக்கு ஒரு பழக்கம். புது மிஷின் விற்றுப் போகும்போது, செந்தூரத்தை எண்ணெயில் குழைத்து, மோதிர விரலால் டேங்க் மூடியின்மேல் ஒரு ஸ்வஸ்திகா போடுவார். நடுவில் அழுத்தமாக ஒரு பொட்டு வைப்பார். தேங்காய் உடைப்பார். அப்புறம்தான் மிஷின் வாசலைத் தாண்டும். நம் ஊரில் புது வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதில்லையா, அதுபோல. வாங்குகிறவர்களுக்கும் அது பிடிக்கும். மூடியைத் திறக்கும்போதுகூட அந்தக் குறி அழியாமல் ஓரத்தைப் பிடித்துத்தான் திருகுவார்கள். பல வருஷம் இப்படியே நடந்தது. ஒரு மிஷினுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பிறகு, தொண்ணூறுகளின் பிற்பாதியில், புது மாடல் வந்தது. மழைக்கு முன்னால் கிளை வெட்டும் ஒரு கான்ட்ராக்டர் மொத்தமாக வாங்கினார். அவரிடம் மிஷின் ஓட்டியவர்களுக்கு முகாதம், அதாவது மேஸ்திரி, நாம்தேவ். கறுத்து, ஒல்லியாக, எந்நேரமும் வெற்றிலை மெல்லுகிற ஆள். மரத்தின் சாய்வைப் பார்த்தே எந்தப் பக்கம் விழும் என்று சொல்வான். அவன்தான் முதலில் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

“அண்ணா, கொஞ்ச நேரம் அறுக்குது. அப்புறம் செத்துப்போகுது. என்ன இழுத்தாலும் உயிர் வரல.”

சாஹேப் மேஜையில் வைத்தார். சுவிட்ச் பார்த்தார், ப்ளக் மோந்தார். கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிக் கயிற்றை இழுத்தார். மிஷின் சிங்கம் மாதிரி உறுமியது. நாம்தேவ் வாயில் வெற்றிலை நின்றுபோனது.

அடுத்த வாரம் இன்னொரு மிஷின். அதே கதை, வேலையிடத்தில் சாகும், பட்டறையில் பிழைக்கும். நான் கார்புரேட்டரைப் பிரித்தேன், பூட்டினேன். ஃபில்டரை மாற்றினேன். திரும்பவும் வந்தது. சாஹேப் மிஷினைப் பார்த்துச் சொன்னார்: “உனக்கு ஒண்ணுமில்ல. உன்னை வச்சிருக்கிறவன்தான் பெட்ரோலை வித்துட்டு மண்ணெண்ணெய் ஊத்துறான்.”

நாம்தேவுக்கு அது காதில் விழுந்தது. கான்ட்ராக்டருக்கும் சொல்லப்பட்டது. இன்னொரு தடவை மிஷின் நின்றால் முகாதம் வேலை கிடையாது என்று அவர் நாம்தேவிடம் சொல்லிவிட்டார். அவன் என்னிடம் வந்து, “அண்ணா, நான் வெற்றிலையைத் தவிர எதையும் திருடி வாயில போட்டதில்ல. நீ ஒரு தடவை வேலையிடத்துக்கு வந்து பாரு” என்றான்.

எனக்கு அவன்மேல் இரக்கம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நான் பூட்டிய மிஷின் திரும்பத் திரும்ப வந்தால் அவமானம் யாருக்கு? சாஹேபிடம் போய், “நான் நேரில் போய்ப் பார்க்கிறேன்” என்றேன். “போ, மழையில நனைஞ்சிட்டு வா. மிஷின் அங்கயும் இங்கயும் ஒண்ணுதான்” என்றார். அவர் கேபினில் தேநீரைத் தட்டில் ஊற்றி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று ஔந்தில் ஒரு குடியிருப்பின் வாசலை அடைத்துக்கொண்டு பெரிய தூங்குமூஞ்சி மரம் விழுந்து கிடந்தது. முதல் மழை. உள்ளே கார்கள், ஸ்கூட்டர்கள், ஆபீஸ் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். எல்லாம் மரத்துக்கு அந்தப் பக்கம். மாடியிலிருந்து ஒரு அம்மாள் கத்தினாள்: “கோடாலி கொண்டு வந்திருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்!” ஒரு ஐயா குடையோடு வந்து, தன் மேனேஜர் எவ்வளவு மோசமானவர் என்று எனக்கு விளக்கினார். நாம்தேவின் ஆட்கள் மிஷினைச் சுற்றி, எழவு வீட்டில் நிற்பதுபோல் நின்றார்கள். அறுக்க ஆரம்பித்து, அடிமரத்தில் ஒரு முழம்கூடப் போகாமல் நின்றுவிட்டது. கான்ட்ராக்டர் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நாம்தேவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓட்டுகிறவன் வழக்கப்படி மூடியைத் திறக்கப் போனான். டெம்போவில் ஏற்றும்போது பெட்ரோல் சிந்தும் என்று, நின்ற மிஷினை வேலையிடத்திலேயே வடித்துவிட்டுத்தான் பட்டறைக்கு அனுப்புவார்கள்.

“தொடாத!” என்று ஒரு சத்தம் போட்டேன். மாடி அம்மாள்கூட வாயை மூடினாள்.

எதற்குத் தடுத்தேன்? பட்டறைக்கு வரும்போது எல்லா மிஷினும் காலி டேங்கோடு வருகிறது. அதாவது, நான் பார்ப்பதற்கு முன்னால் எவனோ ஒருவன் மூடியைத் திறந்துவிடுகிறான். நின்ற நிலையிலேயே ஒரு மிஷினையும் நான் பார்த்ததில்லை. சாஹேபும் பார்த்ததில்லை. இது எனக்கு அந்த இடத்தில், மழைத்தண்ணீர் காதில் ஒழுக நிற்கும்போது உறைத்தது.

சுவிட்ச் சரி. ப்ளக்கைக் கழற்றினேன்; சொட்டு ஈரமில்லை, வெயிலில் கிடந்த எலும்பு மாதிரி காய்ந்திருந்தது. பெட்ரோல் வரவில்லை. ஆனால் டேங்கைச் சாய்த்தால் தளும்புகிறது. ப்ளக்கில் மண்ணெண்ணெய் வாடையும் இல்லை. பொறி நீலம். கயிற்றில் தொங்கவிட்டேன், தயங்கி இறங்கியது. எல்லாம் இருக்கிறது, ஆனால் உயிர் இல்லை. ப்ளக்கைத் திரும்ப மாட்டினேன். பிறகு மூடியின்மேல் கை வைத்து, காதைப் பக்கத்தில் கொண்டுபோய், மெல்லத் திருகினேன்.

‘ஸ்ஸ்ஸ்’ என்றது.

சோடா பாட்டிலில் காற்று வெளியே சீறும். இது உள்ளே இழுத்தது. முங்கி எழுந்தவன் மூச்சை இழுப்பானே, அந்த மாதிரி. மூடியைத் திரும்ப மாட்டிக் கயிற்றை இழுத்தேன். உறுமியது. ஆட்கள் “ஆலா ரே!”, வந்துட்டுதடா, என்று கத்தினார்கள். நான் கத்தவில்லை. அடிமரத்தில் வைத்து அறுக்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் மெலிந்து, செத்தது. மூடி, ‘ஸ்ஸ்ஸ்’, பிழைத்தது.

புரிந்துவிட்டது. பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று போக வேண்டும். இல்லையென்றால் உள்ளே வெற்றிடம் இறுகி, பெட்ரோலைக் கார்புரேட்டருக்கு விடாது. வேலையிடத்தில் டேங்கை வாய்வரை நிரப்புகிறார்கள், உள்ளே காற்றுக்கு இடமே இல்லை, சீக்கிரம் இறுகுகிறது. பட்டறையில் சிக்கனம் பார்த்து ஒரு கை அளவு ஊற்றுகிறோம், மரத்தில் வைக்காமல் சும்மா உறுமவிட்டு அணைக்கிறோம். இறுக நேரமே கிடைப்பதில்லை. சரி, காற்று போகும் துளை எங்கே? பழைய மாடலில் டேங்கின் உடம்பில் இருந்தது. புது மாடலில் மூடியின் நடுவில் வைத்துவிட்டார்கள். நடுவில் என்ன இருக்கிறது? சாஹேபின் செந்தூரப் பொட்டு. எண்ணெயில் குழைத்தது, பெயிண்ட் மாதிரி இறுகி, ஊசிமுனைத் துளையை அடைத்துக்கொண்டிருக்கிறது.

கார்புரேட்டர் துளை குத்தும் கம்பியை எடுத்தேன். நாம்தேவ் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணா, அது சாமி குறி. அதைச் சுரண்டாத. பாவம் வரும்.”

“உன் வேலை போறது பாவம் இல்லியா?”

“எனக்கு மரத்து மேல ஏற வேண்டியிருக்கு அண்ணா. நீ கீழ நிக்கிற.”

நியாயமான பேச்சுதான். செருப்பைக் கழற்றிவிட்டு, மூடியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். “முருகா, உனக்கும் மூச்சு வேணும், இதுக்கும் மூச்சு வேணும்” என்று சொல்லி, பொட்டை மட்டும் குத்தி எடுத்தேன். மூடியில் வாய் வைத்து உறிஞ்சினேன். காற்று வந்தது, கூடவே பெட்ரோலும். துப்பிவிட்டு மாட்டினேன். அதன் பிறகு மிஷின் நிற்கவில்லை. சாமியும் கோபிக்கவில்லை. அடிமரம் துண்டு துண்டாக வெளியே வந்தது. குடை ஐயா ஸ்கூட்டரில் போகும்போது நன்றி சொல்லவில்லை, ஹாரன் அடித்தார்.

அந்த மூடியைக் கொண்டுபோய்ச் சாஹேப் மேஜையில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் உடனே ஸ்டோரிலிருந்து செந்தூரம் வைத்த ஒரு மூடியையும், வைக்காத ஒரு மூடியையும் கொண்டுவரச் சொன்னார். வைத்ததை உறிஞ்சிப் பார்த்தார், காற்று வரவில்லை. வைக்காததில் வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். பிறகு முதல் தடவையாக மிஷினைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

“முத்து, இது இந்தக் கேபினைத் தாண்டக் கூடாது. என் கையால மிஷின் கெட்டுதுன்னு தெரிஞ்சா, நாளைக்கு எவனும் வாங்க வரமாட்டான்.”

“நாம்தேவைத் திருடன்னு சொல்லியிருக்கீங்க சாஹேப். அது தாண்டிப் போயிடுச்சே.”

“என்ன செய்யணும்?”

“கான்ட்ராக்டர்கிட்ட நீங்களே போய், தப்பு மிஷின்லதான், அவன் மேல இல்லன்னு சொல்லணும். நான் வாயை மூடிக்கிறேன்.”

“பகூ,” என்றார். பார்க்கலாம் என்று அர்த்தம். அவர் ‘பகூ’ என்றால் பெரும்பாலும் நடக்காது. ஆனால் அன்றைக்கே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். “ஃபில்டர் கோளாறு, உங்க ஆள் யோக்கியன்” என்று சொல்லிவிட்டு வந்தார். நாம்தேவ் வேலையில் இருந்தான். விற்ற மிஷின்களுக்கெல்லாம் புது மூடி போனது. அதிலிருந்து ஸ்வஸ்திகா மிஷினின் மேல்புறக் கைப்பிடிக்கு இடம் மாறியது. நானும் சொன்ன சொல் தவறவில்லை. வீட்டுக்காரியிடம்கூட மூச்சு விடவில்லை.

கொஞ்ச நாளில் பட்டறைச் சுவரில் தகரப் பலகை வந்தது. ‘மிஷின் ஸ்டார்ட் ஆகவில்லையா?’ என்று தலைப்பு. முதல் வரி, நான் கண்டுபிடித்த வரி. யார் பெயரும் இல்லை. அவர் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. அது நியாயம் என்று பட்டது. அவர் கண்ணை மூடுகிறவரை அந்தப் பலகை அப்படியேதான் இருந்தது. அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

இப்போது சிஞ்ச்வட் விழாவுக்கு வருகிறேன். அவர் மகன் மைக்கைப் பிடித்தார். “ஒரு மழை நாளில், ஔந்தில் விழுந்த மரத்துக்கு முன்னால், என் அப்பா மிஷினில் காதை வைத்துக் கேட்டார். அந்த நிமிஷத்தில் பிறந்ததுதான் கானிட்கர் முறை” என்றார். கைதட்டினார்கள். மழையில் நனைந்தவன் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறான். தட்டில் தேநீர் ஊற்றிக் குடித்தவருக்குக் கைதட்டு. நான் எழுந்துவிட்டேன். என் வீட்டுக்காரி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“என்னத்துக்கு இப்படிக் குதிக்கீய? ஒக்காருங்க, எல்லாரும் பாக்காவ.”

“பாக்கட்டும். அந்தக் காது என் காது!”

“அது இருக்கட்டும். நான் கூப்பிட்டா மட்டும் அந்தக் காதுல விழ மாட்டேங்கே.”

சிரித்தால் கோபம் போய்விடும் என்று சிரிக்காமல் போய் மகனைப் பிடித்தேன். அவர் இரண்டு கையாலும் என் கையைப் பற்றிக்கொண்டார். காகா என்றால் அங்கே சித்தப்பா.

“காகா! அப்பா உங்களைப் பத்தி எப்பவும் சொல்வார். முத்துவுக்கு நல்ல கைன்னு.”

“கை மட்டுமா? மூடியைத் திறந்தது கை. சத்தத்தைக் கேட்டது யார் காது? காரணத்தைக் கண்டது யார் மூளை? அன்னிக்கு உங்க அப்பா கேம்ப்பில் கேபினில் இருந்தார்.”

“ரொம்பப் பழைய கதை காகா. பலகை மாட்டியாச்சு. அடுத்த விழாவுல உங்களுக்குச் சால்வை போடறோம், நாரியலும் தர்றோம்.”

தேங்காயைக் காட்டி என்னை அனுப்பப் பார்க்கிறார். இத்தனை வருஷம் நான் மூடிக்கொண்டிருந்த வாய், அவர் அப்பாவின் மானத்துக்காக மூடிய வாய். தப்பு யாருடையது என்று சொல்ல மாட்டேன் என்றுதான் வாக்குக் கொடுத்தேன். கண்டுபிடித்தது அவர்தான் என்று ஊர் சொல்லும்போதும் தலையாட்டுவேன் என்று கொடுக்கவில்லை. அந்தத் தலைப்பை அவர்கள் எழுதிய அன்றைக்கே பேரத்தை அவர்கள் முறித்துவிட்டார்கள். அதனால்தான் செந்தூரத்தின் கதையை இங்கே அச்சில் சொல்லிவிட்டேன். சாட்சி வேண்டுமானால் நாம்தேவ் இருக்கிறான். இப்போது அவனே கான்ட்ராக்டர், சொந்த டெம்போ வைத்திருக்கிறான். போன் செய்தேன். “அண்ணா, ஏணியோட வரட்டுமா, பலகையைக் கழட்டிடலாம்” என்றான். பொறு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மலர் வெளியானதும் இந்தப் பக்கத்தைக் கிழித்து, மராத்தியில் எழுதிக் கொடுக்க ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு சிஞ்ச்வட் போவேன். சாஹேபின் மகனிடம் சொல்லப்போவது இதுதான்: எனக்குச் சால்வை வேண்டாம், தேங்காயும் வேண்டாம். சுவிட்ச், ப்ளக், பொறி, கயிறு, அந்த வரிகளெல்லாம் கானிட்கர் சாஹேபுடையவை. அவர் பெயரிலேயே இருக்கட்டும், நானே கைதட்டுகிறேன். முதல் வரி என்னுடையது. அதற்குப் பக்கத்தில், அதே தங்க நிறத்தில், அதே அளவு எழுத்தில், ‘சுடலைமுத்து கண்டது’ என்று எழுதுங்கள். அதை எழுதுகிறவரை, அந்தக் கூடத்தில் எந்த மிஷின் ஸ்டார்ட் ஆகாமல் நின்றாலும் எனக்குப் போன் செய்யாதீர்கள்.